எழுந்திருக்காமல் எழுதுவது

ஆனைமலை
18.8.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

ராசாத்தாள் எழுதுவது. எனக்கும் மோகனப்பிரியாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, வீட்டில் நங்கையாவுக்குச் சளி விட்டதா என்று எழுதுங்கள். இங்கே மலையில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் சிவப்பாகப் போகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன வாரம் பொள்ளாச்சியில் அவர் வேலை பார்த்த மின்வாரிய ஆபீசுக்குப் போயிருந்தேன். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரிசு வேலைக்குக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அங்கே ஒரு அதிகாரி, நல்ல மனுஷர்தான், என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஒம்பதாவதோட நின்னுட்டீங்களா? பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா ஆபீஸ்ல நாற்காலி. இல்லீன்னா வெளக்கமாறுதாங்க. ரெண்டும் வேலைதான், நான் கேவலமாச் சொல்லலீங்க." அடுத்த வருஷக் கடைசிக்குள் சான்றிதழ் கொடுத்தால் நாற்காலியாம்.

விளக்கமாறு எனக்குப் புதிதில்லை, அண்ணா. ஆனால் மோகனப்பிரியாவை மேலே படிக்கவைக்க வேண்டும். முன்வீட்டில் இருக்கும் மச்சாண்டார், தம்பி குடும்பம் என்று எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தாலும் உப்புத் தீர்ந்தால்கூட முன்வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம் என்கிறார்கள். மோகனப்பிரியா போன வருஷம் படித்த புத்தகங்கள் இருக்கின்றன. படித்தால் புரிகிறது. பரீட்சை என்று நினைத்தால்தான் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. நீங்கள் எழுதிய பரீட்சையிலெல்லாம் முதலாவதாக வந்தவர். எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லித் தாருங்கள்.

நங்கையாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
ராசாத்தாள்

*

நாக்பூர்
2.9.1995

அம்மணிக்கு,

திருமூர்த்தி எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் நங்கையா சுகம். நீங்கள் இருவரும் நலமென்று படித்ததில் நிம்மதி.

உன் கடிதம் வந்த அன்று ஆபீசில் ஒருவனுக்கு மாலை போட்டார்கள். எனக்கு ஏழு வருஷம் பின்னால் சேர்ந்தவன். பெருக்கல் வாய்பாடு தெரியாதவன். இனி அவன்தான் எனக்கு அதிகாரி. பரீட்சையில் முதலாவதாக வந்தவனின் கதி இது. தெரிந்தும் என்னிடம் கேட்கிறாய். சரி, வேறு எதற்கும் பயன்படாத அந்த வித்தை உனக்காவது பயன்படட்டும்.

முதல் விதி: அந்த வீட்டில் ஒருவருக்கும் சொல்லாதே. முக்கியமாக உன் மச்சாண்டார் சென்னியப்பன் காதுக்குப் போகக் கூடாது. உன் கல்யாணப் பந்தலில் நாலு பேர் முன்னால், "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் நானே கூட்டிட்டுப் போய் உடறனுங்க" என்று சொன்னவர் அவர். அவரே வாத்தியார். ஜூன் போய் ஜூலையும் போயிற்று. கேட்கப்போன என்னிடம், "ஏனுங் மாப்ள, உங்க தங்கச்சி படிச்சு எந்த ஜில்லாவ ஆளப்போறா?" என்று சிரித்தார். அன்றைக்கு இறங்கிய வாசல். இருபத்தொரு வருஷமாக ஏறவில்லை. ஐயாசாமி மாப்பிள்ளை இறந்தபோதுகூட மயானத்துக்கு வந்து அப்படியே ரயில் ஏறியது அதனால்தான். தெரிந்தால் இந்தத் தடவையும் சிரித்தே கெடுப்பார்.

இரண்டாவது: புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது படிப்பில்லை. ஒரு பக்கம் படி, மூடு, படித்ததைப் பார்க்காமல் எழுது. எழுத வராத இடம்தான் உனக்குத் தெரியாத இடம்.

மூன்றாவது: பழைய கேள்வித்தாள்களை வாங்கு. வாரம் ஒன்றைக் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுது. இரண்டரை மணி நேரம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பால் பொங்கினால் பொங்கட்டும். ஒரு தடவை எழுந்தால் கணக்கின் நூல் அறுந்துவிடும். மறுபடி முடிச்சுப் போடப் பத்து நிமிஷம்.

கணக்கில் மட்டும்தான் நீ தவறக்கூடும். அதைத் தினமும் செய். கடிதங்களை உறையில் போட்டு ஒட்டியே அனுப்புகிறேன்.

குழந்தைக்கு என் ஆசி.

திருமூர்த்தி

*

ஆனைமலை
20.11.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். தமிழும் சமூக அறிவியலும் பயமில்லை. ஆங்கிலத்தை மோகனப்பிரியா பார்த்துக்கொள்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் கண்டிப்பு அதிகம். "அம்மா, ஸ்பெல்லிங் தப்புனா இட்டிலி ஒண்ணு கொறச்சுருவேன்" என்கிறாள்.

கேள்வித்தாள் எழுதுவதுதான் கஷ்டம். முதல் நாள் மூன்று தடவை எழுந்தேன். ஒரு தடவை பால்காரர், ஒரு தடவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, ஒரு தடவை எதற்கென்றே தெரியவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது. உட்கார்ந்தே இருந்து பழக்கமில்லை, அண்ணா. இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

முன்வீட்டு அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேற்று எட்டிப் பார்த்து, "ஏன் ராசாத்தி, பழைய புஸ்தகத்தப் பேப்பர்காரனுக்குப் போடாம என்னமோ நகையாட்டப் பூட்டி வெக்கற?" என்றார். "புள்ளைக்கு வேணுமுங்க்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மச்சாண்டார் பள்ளிக்கூடத்தில் கணக்குத்தான் எடுக்கிறார். அக்கா மூலமாக ஒரு சந்தேகம் கேட்டால் சொல்லித்தருவார் என்றே தோன்றுகிறது. நீங்கள் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன்.

நங்கையாவை அதிகாலையில் தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராசாத்தாள்

*

நாக்பூர்
10.1.1996

அம்மணிக்கு,

பொங்கல் வாழ்த்து. இங்கே கரும்பு கிடைக்கிறது. உன் நங்கையா பச்சரிசியைத் தேடி ஊரெல்லாம் அலைகிறாள். இருவரும் நலம். உன் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதே.

சொல்லாததே சரி. உன் மச்சாண்டாரின் கணக்கு எனக்குத் தெரியும்.

இனிமேல் அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எழுதாதே. முழுக்கப் படி. தெரிந்த கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வை. கணக்கில் வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் முதலில் போட்டுவிடு. கை சுத்தமாகவும் பென்சில் கூராகவும் இருக்கும் நேரம் அதுதான். அந்த இரண்டும் சரியாக வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. விடை வராவிட்டாலும் படிகளை விடாமல் எழுது. படிக்கு மார்க் உண்டு. தப்பாகப் போனதைக் கிறுக்காதே, குறுக்கே ஒரே கோடு போதும். கேள்வி எண்ணை ஓரத்தில் பெரிதாகப் போடு. திருத்துகிறவர் மே மாத வெயிலில், மின்விசிறி ஓடாத ஒரு அறையில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு நீ செய்யும் உபகாரம் அது.

மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நிமிர்ந்து பார்க்காதே, பேனாவை நிறுத்தாதே. அங்கே ஒரு தூண் நிற்கிறது என்று நினைத்துக்கொள்.

எழுதி முடித்த பரீட்சையைப் பற்றி வாசலில் நின்று யாரிடமும் பேசாதே. அது முடிந்தது.

உன்னால் முடியும். நம் இருவரில் தலை உனக்குத்தான் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்போது கோபம் வரும்.

திருமூர்த்தி

*

ஆனைமலை
16.4.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரீட்சை முடிந்தது. நாங்கள் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதுங்கள்.

பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். என் அறையில் பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே போனதும் மேற்பார்வையாளர் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். என் இடத்தைத் தேடி உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. பிறகு பழகிவிட்டார்கள். பின்னால் இருந்த பெண் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு ரப்பர் கடன் வாங்கினாள். தமிழில் மனப்பாடச் செய்யுள் முழுவதும் எழுதினேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு எழுதுவது போலவே எழுதிவிட்டேன். அறிவியலும் பரவாயில்லை.

கணக்கும் எழுதினேன். கேள்வித்தாள் சுலபம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஊரெல்லாம் எலெக்‌ஷன் சத்தம். வேப்பம்பூ இந்த வருஷம் நிறையப் பூத்திருக்கிறது, காயவைத்திருக்கிறேன். நங்கையாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் தனியே கட்டி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ராசாத்தாள்

*

நாக்பூர்
15.6.1996

ராசாத்தாளுக்கு,

உன் மூன்று வரிக் கார்டு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் இருபத்தேழு. முப்பத்தைந்து எடுக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு.

எனக்கு விளங்கவில்லை. வரைபடம் போட்டாயா? வடிவியல் போட்டாயா? வீட்டில் நீ செய்து அனுப்பிய தாளை நானே திருத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு எழுபது போடலாம். சுலபமான கேள்வித்தாளில் இருபத்தேழு வாங்க வேண்டுமானால் அதற்குத் தனியாக முயற்சி செய்திருக்க வேண்டும். நான் சொன்னதில் எதைச் செய்யாமல் விட்டாய்? பயந்துபோய் வெளியே வந்துவிட்டாயா? மாட்டைக் கட்டப் போய்விட்டாயா?

ஒரு வருஷமாக நான் எழுதிய காகிதமெல்லாம் எதற்கு?

அக்டோபரில் கணக்கு மட்டும் மறுபடி எழுதலாம். அதுதான் கடைசி. அதைத் தவறவிட்டால் விளக்கமாறு. விண்ணப்பத்தை வாங்கிவிட்டாயா என்று உடனே எழுது.

உன் நங்கையா விசாரித்தாள்.

திருமூர்த்தி

*

நாக்பூர்
30.7.1996

அம்மணி,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

முன்பு எழுதியதை நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் நங்கையா சொல்கிறாள். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "தங்கச்சிக்கு எழுதறதா, ஆபீஸ்ல கீழ வேல செய்யறவனுக்கு எழுதறதா?" என்று கேட்டாள். எனக்குக் கீழே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்தேழு பெரிய விஷயமில்லை. விண்ணப்பம் மட்டும் போட்டுவிடு. இரண்டு வரி போதும், எழுது.

திருமூர்த்தி

*

ஆனைமலை
11.8.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

விண்ணப்பம் போட்டுவிட்டேன். நாங்கள் நலம். பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தால் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை எழுதினால் நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவீர்கள் என்ற பயத்தில் இருந்தேன்.

கணக்குப் பரீட்சையன்று கேள்வித்தாளை முழுக்கப் படித்தேன். தெரிந்ததற்குப் புள்ளி வைத்தேன். வரைபடத்துக்குக் கோடு போடுகிறபோது பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்காதே, தூண் என்று நினை என்று எழுதியிருந்தீர்கள். நினைத்துக்கொண்டேன். அப்போது அந்தத் தூண் இருமியது. எனக்குத் தெரிந்த இருமல். மச்சாண்டார்.

அன்றைக்கு மேற்பார்வைக்கு வரவேண்டியவர் வரவில்லையாம். வேறொரு அறையில் இருந்த அவரை மணி அடித்த பிறகு எங்கள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்றது எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இருக்கும் இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை, அண்ணா. அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதுமில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பென்சிலோடு நிற்கிறேன். பின்னால் இருந்த பெண், "ஆன்ட்டி, உக்காருங்க, கடிகாரம் மறைக்குது" என்கிறாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "பரிட்சை எழுதறவிய யாரும் எந்திரிக்கப்படாது. உக்காந்துதான் எழுதோணும். அதுதான் ரூலு." உட்கார்ந்தேன். அவர் என் வரிசைக்கு வந்தால் கால் தானாக எழுந்துவிடும். மறுபடி உட்கார்ந்தால் எந்தப் புள்ளியில் விட்டேன் என்று தெரியாது. வட்டம் வட்டமாக வரவில்லை. அவர் வரிசைக்குள் வருவதையே நிறுத்தினார். வாசலருகே போய் நின்றார். அப்போதும் என்னால் உட்கார முடியவில்லை. கடைசியில் வெளியே தாழ்வாரத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். அதற்குப் பிறகு எழுதியதுதான் அந்த இருபத்தேழு.

அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை வந்தது. உள்ளே மேற்பார்வையாளர் இல்லை. ஒருத்தன் துண்டுச்சீட்டோடு பிடிபட்டான். மச்சாண்டாரைத் தனியே கூப்பிட்டு என்னவோ கேட்டார்கள்.

அன்று சாயந்திரம் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். எனக்குக் கேட்கட்டும் என்று அக்காவிடம் சொன்னார்: "ஊட்டுல பரிட்சை எழுதறவிய இருந்தா எனக்கு முன்னாடியே சொல்லோணும். அந்த சென்டர் பக்கமே டூட்டி வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்பன். இதெல்லாம் ஒரு விசயமா?" அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

ஆனால் அவருக்கு மெமோ வந்திருக்கிறது. ஜூனில் தலைமையாசிரியர் ஆகியிருக்க வேண்டியவர். அவரோடு வேலை பார்க்கும் வெங்கடபதி வாத்தியார் போன வாரம் வந்தபோது சொன்னதை அக்கா கேட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவரைப் போட்டுவிட்டார்களாம். அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி செய்தித்தாள் படிக்கிறார்.

உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அண்ணா. நங்கையாவுக்கு என் அன்பு.

ராசாத்தாள்

*

நாக்பூர்
25.8.1996

திரு. சென்னியப்பன் அவர்களுக்கு,

திருமூர்த்தி எழுதுவது. உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மெமோ விஷயம் தெரிந்தது. அரசாங்கக் காகிதங்களுக்கு விளக்கம் எழுதுவதில் எனக்கு இருபது வருஷ அனுபவம் உண்டு. என் விஷயத்தில் அது பலிக்கவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் பலித்திருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுங்கள். அறையில் நெருங்கிய உறவினர் இருந்தது எதிர்பாராதது, அவர் தேர்வு எழுத இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று விலகி நின்றேன் என்று சொன்னால் எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்வான். நகல் ஒன்று தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவளுக்கு எழுதியது நான். தேவையானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்தவன் முன்னால் போய் உட்காருவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
திருமூர்த்தி

*

ஆனைமலை
8.9.1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சென்னியப்பன் எழுதுவது. எல்லாரும் சுகம். தங்கள் சுகத்தையும் வீட்டம்மா சுகத்தையும் தெரிவிக்கவும். இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே, நல்ல சேதியாக இருக்குமென்று பிரித்தேன். விண்ணப்பம் மாதிரி இருந்தது.

நகலைப் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் மாப்ள, நீங்கள் சொல்கிறபடி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? சொந்தக்காரர் இருக்கும் அறையில் மேற்பார்வை செய்தவர் அதை அன்றைக்கே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொன்னால் முதலில் அந்த அம்மணியின் நம்பரைத்தான் தேடுவார்கள். கணக்கு மட்டும் போகாது. தேறிய பாடங்களையும் நிறுத்திவைத்து விசாரணை என்பார்கள். அது முடிவதற்குள் அவளுடைய கெடு முடிந்துவிடும். அதனால் தலைசுற்றல், காற்றுக்காக வெளியே வந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வயசு ஐம்பத்திரண்டு, நம்பக்கூடிய பொய்தான்.

மேலிடத்துக்கு எழுதுகிற பழக்கம் தங்களுக்கு உண்டு என்று கேள்வி. தயவுசெய்து இதில் வேண்டாம்.

எட்மாஸ்டர் ஆனால் என்ன, மணி அடிக்கிறானா என்று பார்க்க வேண்டும், சத்துணவு ருசி பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரிதான் சீலைக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

அக்டோபர் பரீட்சைக்குத் தங்கள் யோசனைகளையெல்லாம் மோகனப்பிரியாவிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சென்னியப்பன்

*

ஆனைமலை
27.10.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

கணக்கு எழுதிவிட்டேன். வரைபடம், வடிவியல் இரண்டும் முதலில் போட்டேன். எல்லாக் கேள்வியும் எழுதி, பத்து நிமிஷம் மிச்சம் வைத்துச் சரிபார்த்தேன். நாங்கள் அனைவரும் நலம். நீங்கள் இருவரும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். குளிர் என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

மச்சாண்டார் என்ன பாடம் வைத்தார் என்று கேட்டிருந்தீர்கள். ஆவணிக் கடைசியில் ஒரு சாயந்திரம் முன்வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடப் பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அக்காவைப் பார்த்து, "அவளக் கேள்வித்தாளோட வந்து இதுல உக்காரச் சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அக்கா அதற்குமேல். "ஏனுங்க, இது என்ன கூத்து? மச்சாண்டாரு முன்னால உக்காந்தான்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"பேசுனா பரிட்சைன்னு சொல்லு. அன்னிக்கு நான் போய் நின்னன். நாளைக்கு வேற எவனாச்சும் நம்ம சாதிசனத்துல மூத்தவன் வந்து நிப்பான். ஒவ்வொருத்தனும் வெளிய போயிட்டா இருப்பான்?"

முதல் நாள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார். அப்படியும் நான் பெஞ்சு நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கணக்குக்கூட ஓடவில்லை. சில நாள் கழித்து நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார். பிறகு என் பக்கம் திருப்பினார். புரட்டாசியில் நாற்காலியை எடுத்துவிட்டு, அறையில் நடப்பது போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். கணக்கில் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. நடந்ததுதான். அக்கா சமையலறை நிலையில் நின்று, "எந்திரிக்காத, எந்திரிக்காத" என்று கையை ஆட்டுவார். கோபமெல்லாம் எப்போது போயிற்றென்று தெரியவில்லை.

ஒரு நாள் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். தாள்மேல் நிழல் விழுந்தது. நிமிராமல் சொன்னேன்: "சித்த அக்கட்டால தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மச்சாண்டார், "சரிங்க" என்று சொல்லித் தள்ளி நின்றார். "பாஸ்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து பெஞ்சு இல்லை.

பரீட்சையன்று யார் மேற்பார்வைக்கு வந்தார்கள் என்று மோகனப்பிரியா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அண்ணா. நான் பார்க்கவில்லை.

ராசாத்தாள்

*

நாக்பூர்
18.12.1996

மச்சானுக்கு,

திருமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் வீட்டிலும் நலம். தாங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

தங்கள் தந்தி இந்த மாத ஆரம்பத்தில் ஆபீசுக்கு வந்தது. "ராசாத்தாள் பாஸ். கணக்கு அறுபத்தெட்டு." தந்தியைக் கொடுத்தவன் யாருக்கு என்னவோ என்று பயந்துபோய் நின்றான். நான் கேன்டீனுக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் ஜிலேபி வரவழைத்தேன். இந்த ஆபீசில் நான் ஒருவருக்கும் காப்பிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. என் அதிகாரி வந்து, மகளா என்று கேட்டான். தங்கை என்றேன். என்ன பரீட்சை என்றான். பத்தாவது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு ஜிலேபி எடுத்துக்கொண்டான். அவன் கெட்டவனில்லை போலிருக்கிறது. இத்தனை நாளில் அவனோடு நின்று பேசியதில்லை.

சான்றிதழைக் கொடுத்தாயிற்று, தை முதல் வாரத்தில் வேலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போது அவளும் எழுதியிருக்கிறாள். வேலையில் சேருகிற அன்று வீட்டு ஆண் ஒருவர் கூடப் போவதுதான் வழக்கம். அண்ணன் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் காலையில் வந்து சேருகிற மாதிரி நேற்று டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் எட்மாஸ்டர் ஆவீர்கள் என்று அக்கா சீலைக்குச் சொல்லிவைத்திருந்தது ஞாபகம் வந்தது. இன்று போய் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளி மாற்றி வந்தேன்.

ரயில் கிடைக்கவில்லை என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். நம்புவாள். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள், மச்சான். அக்காவையும் அழைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புதுச் சீலையை அன்றைக்குக் கட்டட்டும்.

நான் மறுநாள் மத்தியானத்துக்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவளுடைய நங்கையாவும் வருகிறாள் என்று ராசாத்தாளிடம் சொல்லுங்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள்.

திருமூர்த்தி